கணக்குப்பிள்ளையின் கண்ணைக் கட்டலாமா?

வெர்னியர் அளவியைக் கையில் எடுத்தவுடன் நாம் முதலில் என்ன செய்கிறோம்? அதன் தாடைகள் இரண்டையும் ஒன்றாகச் சேர்த்து, முதன்மை அளவுகோலின் சுழியும் வெர்னியரின் சுழியும் பொருந்துகின்றனவா என்று பார்க்கிறோம். பல கருவிகளில் அவை பொருந்துவதில்லை. வெர்னியரின் சுழி சற்று வலப்புறம் தள்ளி நின்று, அதன் மூன்றாவது கோடு பொருந்தினால், அந்தக் கருவிக்கு 0.03 செ.மீ. சுழிப்பிழை உண்டு என்கிறோம். அளந்து வரும் ஒவ்வொரு விடையிலிருந்தும் 0.03 செ.மீ.யைக் கழித்துவிடுகிறோம்.

இதில் ஒரு நுட்பம் அடங்கியிருக்கிறது. என் கருவியின் பிழை 0.03 என்பதற்காகப் பாடநூலில் உள்ள சூத்திரத்தை யாரும் திருத்துவதில்லை. சூத்திரம் எல்லோருக்கும் பொது. சுழிப்பிழையோ அந்த ஒரு கருவிக்கு மட்டும் உரியது. அதை மறைத்து வைப்பதும் இல்லை. நோட்டில் தனி வரியாக எழுதி வைக்கிறோம். பொதுவானது ஓரிடம், தனக்கே உரியது வேறிடம்.

கணிப்பொறி நிரல்களைப் பலர் சேர்ந்து எழுதும்போதும் இதே சிக்கல் எழுகிறது. என் கணிப்பொறியில் மட்டும் ஒரு கோப்பு மாறியிருக்க வேண்டும், அல்லது இல்லாமலேயே இருக்க வேண்டும். ஆனால் பொதுத் தொகுப்பில் அது மாறக்கூடாது. இதற்கு என்ன வழி? எளிய வழி போலத் தோன்றும் சில, உண்மையில் எளியவை அல்ல. ஏன் என்று காண்போம்.

பதிப்புகளைக் காக்கும் கணக்குப்பிள்ளை

ஒரு நிரலை நாலைந்து பேர் சேர்ந்து எழுதுவதாக வைத்துக்கொள்வோம். யார், எப்போது, எந்தக் கோப்பில், எந்த வரியை மாற்றினார் என்ற கணக்கு வேண்டும். இன்று எழுதியது தவறாகப் போனால் நேற்றைய நிலைக்குத் திரும்பவும் முடிய வேண்டும். இந்தக் கணக்கை வைத்துக்கொள்ளும் நிரலுக்குப் பதிப்புக் கட்டுப்பாட்டு முறை என்று பெயர். நம் வசதிக்காக அதைக் 'கணக்குப்பிள்ளை' என்று அழைப்போம்.

இத்தகைய கணக்குப்பிள்ளைகள் பல தலைமுறைகளாக இருந்து வருகிறார்கள். 1972-இல் அமெரிக்காவின் பெல் ஆய்வுக்கூடத்தில் மார்க் ராச்கைண்டு என்பவர் எஸ்.சி.சி.எஸ். என்னும் முறையை உருவாக்கினார். 1982-இல் பர்டியூ பல்கலைக்கழகத்தின் வால்டர் டிஷி ஆர்.சி.எஸ். என்பதை அமைத்தார். இவற்றைத் தொடர்ந்து 1986-இல் சி.வி.எஸ்., 2000-இல் தொடங்கப்பெற்ற சப்வெர்ஷன் ஆகியவை வந்தன.

இன்று மிகப் பரவலாக வழங்கும் 'கிட்' 2005-இல் பிறந்தது. லினக்ஸ் என்னும் இயக்கத் தளத்தை 1991-இல் தொடங்கிய லைனஸ் டோர்வால்ட்ஸ்தான் இதையும் ஆக்கியவர். லினக்ஸ் குழுவினர் 2002 முதல் பிட்கீப்பர் என்ற வணிக முறையை விலையின்றிப் பயன்படுத்தி வந்தார்கள். 2005-இல் அந்தச் சலுகை நின்றுபோயிற்று. டோர்வால்ட்ஸ் தாமே ஒரு முறையை எழுதத் தொடங்கினார். சில நாட்களிலேயே, ஏப்ரல் 7 அன்று, கிட் தன்னுடைய நிரலையே தன்னுள் பதிவு செய்துகொண்டது. அதே ஆண்டு ஜூலையிலிருந்து அதன் பராமரிப்பை ஜூனியோ ஹமானோ ஏற்றுக்கொண்டார்.

மூன்று மாணவர்களும் ஒரு மழைமானியும்

ஓர் எடுத்துக்காட்டைப் பார்ப்போம். வெவ்வேறு ஊர்களில் உள்ள மூன்று மாணவர்கள் மழை அளவைக் கணக்கிடும் நிரலை எழுதுகிறார்கள். அவர்களை அ, ஆ, இ என்று அழைப்போம்.

மழைமானியின் கணக்கு எளிது. புனல் வழியாகச் சேர்ந்த நீரின் கன அளவைப் புனல் வாயின் பரப்பால் வகுத்தால் மழையின் உயரம் கிடைக்கும். அ என்பவரின் புனலுக்கு விட்டம் 20 செ.மீ. எனவே பரப்பு 3.14 × 10 × 10 = 314 சதுர செ.மீ. ஒரு நாள் 628 மில்லிலிட்டர் நீர் சேர்ந்தால், 628 ÷ 314 = 2 செ.மீ., அதாவது 20 மி.மீ. மழை.

அவர்களுடைய தொகுப்பில் மூன்று கோப்புகள் உள்ளன. கணக்குப் போடும் நிரல் ஒன்று. 'அமைப்பு' என்ற சிறு கோப்பு ஒன்று. புனலின் விட்டம் 20 என்பது அதில் எழுதப்பட்டிருக்கிறது. மூன்றாவது 'பழைய பதிவுகள்' என்ற மிகப் பெரிய கோப்பு.

ஆ என்பவரிடம் உள்ள புனலின் விட்டம் 10 செ.மீ.தான். ஆகவே அவர் தம் கணிப்பொறியில் 'அமைப்பு' கோப்பைத் திறந்து 20-ஐ 10 ஆக்குகிறார். இ என்பவரின் கணிப்பொறி பழையது, இடம் போதவில்லை. அவர் 'பழைய பதிவுகள்' கோப்பை அழித்துவிடுகிறார். இருவர் செய்ததும் அவரவர் அளவில் நியாயமே.

ஆனால் அடுத்த நாள் ஆ வேறு ஏதோ ஒரு திருத்தத்தைச் செய்துவிட்டு, 'மாறிய எல்லாவற்றையும் பதிவு செய்' என்று ஆணையிடுகிறார். 10 என்ற எண்ணும் சேர்ந்து பொதுத் தொகுப்புக்குப் போய்விடுகிறது. அ அதைப் பெற்றுக்கொள்கிறார். இப்போது அவரது 628 மில்லிலிட்டர் நீரை நிரல் 78.5 சதுர செ.மீ.யால் வகுக்கிறது. விடை 8 செ.மீ., அதாவது 80 மி.மீ. மழை! விட்டம் பாதியானால் பரப்பு நான்கில் ஒன்றாகும். ஆகவே மழை நான்கு மடங்காகத் தோன்றும். நிரல் நின்றுபோகவில்லை, எச்சரிக்கையும் தரவில்லை. பிழையான விடையைச் சரியான விடை போலவே அச்சிடுகிறது.

இ-யும் அவ்வாறே 'எல்லாவற்றையும் பதிவு செய்' என்கிறார். கோப்பு அழிந்ததும் ஒரு மாற்றமே என்று கிட் எடுத்துக்கொள்கிறது. அவர் பதிவைப் பெற்றுக்கொள்ளும் மற்ற இருவரின் கணிப்பொறிகளிலிருந்தும் 'பழைய பதிவுகள்' மறைந்துபோகிறது. முந்தைய பதிப்பிலிருந்து மீட்டுவிடலாம் என்பது உண்மையே. ஆனால் காணாமற்போனதை யாராவது கவனித்தால்தானே மீட்பார்கள்?

'இந்த மாற்றத்தை மட்டும் கண்டுகொள்ளாதே' என்று கணக்குப்பிள்ளையிடம் சொல்ல முடியுமா என்று ஆ-வும் இ-யும் கேட்பது இயல்பு. அதற்கு விடை காண, கணக்குப்பிள்ளை மாற்றத்தை எப்படிக் கண்டுபிடிக்கிறார் என்று தெரிந்துகொள்ள வேண்டும்.

மூன்று நோட்டுகள்

பௌதிக ஆய்வுக்கூடத்தில் மூன்று இடங்களில் எழுதுகிறோம். மேசைமீது கிடக்கும் கிறுக்கல் தாள் ஒன்று. அளவுகளைத் தேர்ந்தெடுத்து எழுதும் அப்சர்வேஷன் நோட்டு இரண்டாவது. அதிலிருந்து பார்த்து மையால் எழுதி, ஆசிரியரின் கையொப்பம் பெறும் ரெக்கார்டு நோட்டு மூன்றாவது.

கிட்டிலும் ஒவ்வொரு கோப்பும் இந்த மூன்று நிலைகளில் இருக்கிறது. நாம் திறந்து திருத்தும் கோப்பு கிறுக்கல் தாள் போன்றது. அடுத்த பதிவில் எது சேர வேண்டும் என்பதைக் குறித்து வைக்கும் 'இண்டெக்ஸ்' என்னும் பட்டியல் அப்சர்வேஷன் நோட்டு. நிலையாகச் சேர்ந்துவிட்ட பதிவு, அதாவது 'கமிட்', ரெக்கார்டு நோட்டு. கிறுக்கல் தாளுக்கும் பட்டியலுக்கும் வேறுபாடு இருந்தால் 'இன்ன கோப்பு மாறியிருக்கிறது' என்றும், பட்டியலில் உள்ள கோப்பு மேசையில் இல்லாவிட்டால் 'இன்ன கோப்பு அழிந்திருக்கிறது' என்றும் கிட் சொல்கிறது.

ஒவ்வொரு முறையும் எல்லாக் கோப்புகளையும் முதல் எழுத்திலிருந்து கடைசி எழுத்து வரை ஒப்பிட்டால் நேரம் போதாது. எனவே கிட் ஒரு தந்திரம் செய்கிறது. ஒவ்வொரு கோப்பும் கடைசியாகத் திருத்தப்பட்ட நேரம், அதன் அளவு முதலிய குறிப்புகளைப் பட்டியலில் எழுதி வைத்துக்கொள்கிறது. இந்தக் குறிப்புகள் பொருந்தினால் கோப்பைத் திறப்பதில்லை. பொருந்தாவிட்டால் மட்டும் திறந்து படித்து, அதன் 'கைரேகை'யைக் கணக்கிடுகிறது.

கைரேகை என்றால் என்ன? கோப்பில் உள்ள எல்லா எழுத்துகளையும் ஒரு கணித முறையில் பிசைந்து பெறும் ஒரு நீண்ட எண்தான் அது. பெரும்பாலான கிட் தொகுப்புகளில் இதற்கு எஸ்.எச்.ஏ.-1 என்ற முறை பயன்படுகிறது. விடை 160 பிட்டுகள் கொண்டது. எழுதினால் 40 இலக்கங்கள் வரும். கோப்பு ஒரு வரியானாலும் ஓராயிரம் பக்கமானாலும் கைரேகையின் நீளம் இதுவே. 20 என்பதை 10 ஆக்கினால் போதும், கைரேகை அடியோடு மாறிவிடும். பெயர் வேறாயினும் உள்ளடக்கம் ஒன்றாயின் கைரேகையும் ஒன்றே.

ஆகவே கணக்குப்பிள்ளையை ஏமாற்றுவது எளிதல்ல. அவராகக் கண்ணை மூடிக்கொண்டால்தான் உண்டு.

முதல் வழி: புறக்கணிப்புப் பட்டியல்

கிட்டில் 'கிட்இக்னோர்' என்று ஒரு கோப்பு உண்டு. அதன் பெயர் ஒரு புள்ளியுடன் தொடங்கும். கண்டுகொள்ள வேண்டாத கோப்புகளின் பெயர்களை அதில் எழுதி வைக்கலாம். 'அமைப்பு' என்று அதில் ஒரு வரி எழுதிவிட்டால் தீர்ந்தது என்று ஆ நினைக்கிறார். எழுதியும் விடுகிறார். ஆனால் கிட் மறுபடியும் 'அமைப்பு மாறியிருக்கிறது' என்றே சொல்கிறது. ஏன்?

இங்கேதான் புதியவர்கள் பலர் தடுமாறுகிறார்கள். புறக்கணிப்புப் பட்டியல் இன்னும் கணக்கில் சேராத கோப்புகளுக்கு மட்டுமே பொருந்தும். அது வாயிற்காவலர் போன்றது. புதிதாக வருபவரை உள்ளே விடாது. ஏற்கெனவே உள்ளே உட்கார்ந்திருப்பவரை எழுப்பி வெளியே அனுப்பாது. 'அமைப்பு' கோப்பு முதல் நாளே பதிவில் சேர்ந்துவிட்டது. இனிமேல் காவலர் என்ன செய்ய முடியும்?

இன்னொன்றையும் கவனியுங்கள். புறக்கணிக்கப்பட்ட கோப்பை, போனால் போகட்டும் என்று விடத்தக்கதாகவே கிட் கருதுகிறது. பிறிதொரு பதிப்புக்கு மாறும்போது அதே பெயரில் அங்கே ஒரு கோப்பு இருந்தால், புறக்கணிக்கப்பட்டதன்மீது கேட்காமலேயே எழுதிவிடும். எனவே, திரும்ப உண்டாக்க முடியாத அளவீடுகளைப் புறக்கணிப்புப் பட்டியலில் சேர்த்துவிட்டு நிம்மதியாக இருக்கக்கூடாது. புறக்கணித்தல் வேறு, பாதுகாத்தல் வேறு.

சரி, உள்ளே இருப்பதை வெளியேற்றிவிட்டால்? அதற்கும் ஓர் ஆணை உண்டு. அது மேசைமேல் உள்ள கோப்பைத் தொடாமல் பட்டியலிலிருந்து மட்டும் பெயரை நீக்கும். ஆ-வின் கோப்பு அவரிடம் பத்திரமாக இருக்கும். ஆனால் ரெக்கார்டு நோட்டில் அது 'நீக்கம்' என்றே பதிவாகும். அந்தப் பதிவை வாங்கிக்கொண்டதும் அ, இ ஆகியோரின் கணிப்பொறிகளிலிருந்து 'அமைப்பு' கோப்பு அகற்றப்பட்டுவிடும். கூட்டாளிகளுக்கு முன்கூட்டியே சொல்லாமல் இதைச் செய்யலாகாது.

இரண்டாவது வழி: இரண்டு குறிகள்

பட்டியலில் ஒவ்வொரு கோப்பின் பெயருக்கும் எதிரே சில குறிகளை இடும் வசதி கிட்டில் உண்டு. அவற்றுள் இரண்டு நமக்கு இங்கே முக்கியம்.

முதலாவது 'அஸ்யூம் அன்சேஞ்டு'. 'மாறவில்லை என்றே கொள்' என்பது இதன் பொருள். சில கணிப்பொறிகளில், கோப்பின் நேரத்தையும் அளவையும் கேட்டுப் பெறுவதே மெதுவாக நடக்கும். அங்கே வேகத்துக்காக ஏற்பட்டது இந்தக் குறி. இதை இடுபவர், 'இந்தக் கோப்பை நான் மாற்றப் போவதில்லை' என்று கிட்டுக்கு வாக்குக் கொடுக்கிறார். அதை நம்பி கிட் அந்தக் கோப்பைப் பார்க்காமல் தாண்டிச் செல்கிறது. மாற்றத்தை மறைப்பதற்காக இதை இடுவது, மாற்றமாட்டேன் என்று சத்தியம் செய்துவிட்டு மாற்றுவதாகும். அந்த வாக்கை நம்பி கிட் கோப்பை என்ன செய்தாலும் அதைக் குறை சொல்ல முடியாது.

இரண்டாவது 'ஸ்கிப் ஒர்க்ட்ரீ'. 'மேசையைப் பார்க்காதே' என்று சொல்லலாம். இது 2010-இல் வெளிவந்த கிட் 1.7.0 பதிப்பில் சேர்ந்தது. இதன் நோக்கம் வேறு. மிகப் பெரிய தொகுப்பில் ஒரு பகுதியை மட்டும் மேசைமேல் எடுத்து வைத்துக்கொண்டு வேலை செய்ய வேண்டுமானால், மற்ற கோப்புகள் மேசையில் இல்லாதது 'அழிந்தது' என்று கணக்காகிவிடக்கூடாது அல்லவா? அதற்காகத்தான் இந்தக் குறி.

'மிகப் பெரிய தொகுப்பு' என்றால் எவ்வளவு பெரிது? மைக்ரோசாஃப்ட் நிறுவனம் தனது விண்டோஸ் நிரலைக் கிட்டுக்கு மாற்றியபோது, 2017-இல் தந்த விவரப்படி, அதில் 35 லட்சத்துக்கும் மேற்பட்ட கோப்புகள் இருந்தன. மொத்த அளவு 270 கிகாபைட்டுக்கும் மேல். என்ன மாறியிருக்கிறது என்று கேட்டால் கிட் பதில் சொல்ல ஏறக்குறைய 10 நிமிடம் ஆயிற்று. முழுத் தொகுப்பையும் நகலெடுக்க 12 மணி நேரத்துக்கும் மேல் பிடித்தது. அதனால் தேவையான கோப்புகளை மட்டும் கொண்டுவரும் ஏற்பாடு ஒன்றை அந்நிறுவனத்தினர் தனியே உருவாக்க வேண்டியிருந்தது. இத்தகைய இடங்களில் எல்லாவற்றையும் பார்க்காமல் இருப்பது சோம்பல் அல்ல, தேவை.

கண்ணைக் கட்டியபின் நடப்பது

ஆ இந்த இரண்டாவது குறியை 'அமைப்பு' கோப்புக்கு இட்டுவிடுகிறார். கிட்டைக் கேட்கிறார், 'மாற்றம் ஏதும் இல்லை' என்று பதில் வருகிறது. கோப்பிலோ 10 என்று இருக்கிறது. மகிழ்ச்சி! பல வாரங்கள் எல்லாம் நன்றாகவே நடக்கிறது.

பிறகு ஒரு நாள் அ 'அமைப்பு' கோப்பில் புதிதாக ஒரு வரி சேர்க்கிறார். மழைமானி இருக்கும் இடத்தின் உயரம் என்று வைத்துக்கொள்வோம். ஆ புதிய பதிப்பைப் பெற முயல்கிறார். கிட் மறுக்கிறது. 'உங்கள் கோப்பில் மாற்றங்கள் உள்ளன, அவை அழிந்துபோகும்' என்கிறது. என்ன மாற்றம் என்று ஆ கேட்டால், 'மாற்றம் ஏதும் இல்லை' என்கிறது. மாற்றங்களைத் தற்காலிகமாக எடுத்து வை என்றால், 'எடுத்து வைக்க ஒன்றும் இல்லை' என்கிறது. ஒரே கணக்குப்பிள்ளை ஒரே நாளில் இரண்டு விதமாகப் பேசுகிறார்! குற்றம் அவருடையது அல்ல. பார்க்காதே என்ற இடத்தில் அவர் பார்க்கவில்லை. எழுத வேண்டி வந்தபோது பார்த்தாக வேண்டியதாயிற்று. வாரக்கணக்கில் கடந்துவிட்டபடியால், குறி இட்டது ஆ-வின் நினைவிலும் இல்லை.

இதைவிடக் கேடான ஒன்றும் நிகழலாம். ஆ-வின் கணிப்பொறி பழுதாகிறது. புதிய கணிப்பொறியில் தொகுப்பை மறுபடி நகலெடுத்துக்கொள்கிறார். அவர் இட்ட குறி அந்தப் பழைய கணிப்பொறியின் பட்டியலில் மட்டுமே இருந்தது. அது நகலுடன் வராது. 10 என்ற எண்ணும் எந்தப் பதிவிலும் இல்லை. இப்போது கோப்பில் 20 என்று இருக்கிறது. 20 மி.மீ. மழை பெய்யும்போது அவரது சிறு புனலில் சேரும் நீர் 157 மில்லிலிட்டர். நிரல் அதை 314-ஆல் வகுத்து 5 மி.மீ. என்கிறது. முன்பு அ-வின் மழை நான்கு மடங்காயிற்று. இப்போது ஆ-வின் மழை நான்கில் ஒன்றாகிவிட்டது. எப்போதிலிருந்து தவறு என்று பின்னோக்கித் தேடினாலும் பதிவுகளில் தடயம் கிடைக்காது. தடயம் கிடைக்கக்கூடாது என்றுதானே கண்ணைக் கட்டினோம்!

கண்காணிப்பில் உள்ள கோப்பின் மாற்றங்களைப் புறக்கணிக்கும் வசதி கிட்டில் இல்லை என்றும், மேற்கண்ட இரண்டு குறிகளையும் அதற்காகப் பயன்படுத்த வேண்டாம் என்றும் கிட்டின் கையேட்டிலேயே எழுதி வைத்திருக்கிறார்கள். ஆயினும் 'குறுக்கு வழி' என்ற பெயரில் இந்த யோசனை ஒருவரிடமிருந்து ஒருவருக்குப் பரவிக்கொண்டே இருக்கிறது. எந்தெந்தக் கோப்புக்குக் குறி இட்டிருக்கிறது என்று பார்க்கவும் வழி உண்டு. கோப்புகளின் பெயர்களைப் பட்டியலிடும் ஆணையைத் தகுந்த முறையில் கொடுத்தால், முதல் குறி உள்ள கோப்பின் முன் சிறிய ஆங்கில எழுத்தும், இரண்டாவது குறி உள்ளதன் முன் பெரிய 'எஸ்' எழுத்தும் தோன்றும்.

அழித்தவருக்கு என்ன வழி?

இ-யின் கதை சற்று வேறு. அவர் கோப்பை மாற்றவில்லை. தம் மேசையில் அது வேண்டாம் என்கிறார். இதற்குக் கிட்டில் நேரான வழி இருக்கிறது. மேலே சொன்ன பகுதி எடுப்பு முறைக்கு 'ஸ்பார்ஸ் செக்-அவுட்' என்று பெயர். 2020-இல் வந்த 2.25 பதிப்பிலிருந்து இதற்கென்றே தனி ஆணை இருக்கிறது. 'இந்தப் பகுதி என் மேசைக்கு வேண்டாம்' என்று இ சொல்லிவிட்டால், கோப்பு இல்லாதது அழிவாகக் கணக்கிடப்படாது. பொதுத் தொகுப்பில் அது அப்படியே இருக்கும். இங்கே இரண்டாவது குறி, தான் பிறந்த நோக்கத்துக்கே பயன்படுகிறது. இதில் பொய் ஏதும் இல்லை.

'இல்லை' என்பதை எல்லாக் கணக்குப்பிள்ளைகளும் ஒரே விதமாகப் புரிந்துகொள்வதில்லை. சப்வெர்ஷன் முறையில் ஒரு கோப்பைக் கையால் அழித்தால், அதன் பெயருக்கு முன் ஓர் ஆச்சரியக்குறி தோன்றும். 'காணவில்லை' என்று பொருள். 'நீக்கு' என்று முறைப்படி ஆணையிட்டால்தான் அது நீக்கமாகப் பதிவாகும். அடுத்த முறை புதுப்பிக்கும்போது காணாமற்போன கோப்பைத் திரும்பக் கொண்டுவந்து வைத்துவிடும். கிட்டிலோ, 'எல்லாவற்றையும் சேர்' என்றால் இல்லாமையும் சேர்ந்துவிடும். 2014-இல் வந்த 2.0 பதிப்பு முதல், ஒரு கோப்புறையின் பெயரைக் குறிப்பிட்டுச் 'சேர்' என்றாலும் அதில் அழிந்தவை நீக்கங்களாகச் சேர்கின்றன. ஒரு முறையில் பழகியவர் மற்றொன்றுக்குப் போகும்போது இதை நினைவில் வைக்க வேண்டும்.

சுழிப்பிழைக்குத் தனி வரி

அப்படியானால் ஆ என்ன செய்ய வேண்டும்? இங்கேதான் வெர்னியர் அளவி நமக்கு வழிகாட்டுகிறது.

பொதுத் தொகுப்பில் 'அமைப்பு-மாதிரி' என்று ஒரு கோப்பு இருக்கட்டும். விட்டம் 20, இடத்தின் உயரம் இவ்வளவு என்று எல்லோருக்கும் பொதுவான மதிப்புகள் அதில் இருக்கும். 'அமைப்பு-உள்ளூர்' என்று வேறொரு கோப்பை ஒவ்வொருவரும் தம் கணிப்பொறியில் வைத்துக்கொள்ளட்டும். ஆ அதில் 'விட்டம் 10' என்ற ஒரே ஒரு வரியை எழுதுவார். நிரல் முதலில் மாதிரியைப் படிக்கும். பிறகு உள்ளூர்க் கோப்பு இருந்தால் அதையும் படித்து, அதில் சொல்லியவற்றை மட்டும் மாற்றிக்கொள்ளும். 'அமைப்பு-உள்ளூர்' என்ற பெயரை, அந்தக் கோப்பு பதிவில் சேரும் முன்பே, புறக்கணிப்புப் பட்டியலில் எழுதிவிட வேண்டும். காவலர் இப்போது தம் வேலையைச் சரியாகச் செய்வார்.

இதன் பயனைப் பாருங்கள். அ மாதிரியில் புதிய வரி சேர்த்தால் அது ஆ-வுக்குத் தடையின்றி வந்து சேரும். 10 என்ற எண்ணும் கலையாது. கணக்குப்பிள்ளை எதையும் பார்க்காமல் விட வேண்டியதில்லை. மேலும் ஒரு படி போகலாம். நிரல் மழை அளவை அச்சிடும்போது, 'கணக்கில் கொண்ட விட்டம்: 10 செ.மீ.' என்று கூடவே அச்சிடட்டும். கணிப்பொறி மாறி உள்ளூர்க் கோப்பு இல்லாமற்போனால், 20 என்று அச்சாகும்போதே ஆ விழித்துக்கொள்வார். சுழிப்பிழையை விடையின் அருகே எழுதுவது போன்ற பழக்கம் இது.

உள்ளூர்க் கோப்பைக் கிட் காப்பதில்லை என்று முன்பே கண்டோம். ஆகவே அதன் நகல் ஒன்றை வேறிடத்தில் வைத்துக்கொள்வது நல்லது. ஒரே ஒரு வரிதானே, நோட்டில் எழுதி வைத்தாலும் போதும்.

இந்தப் பிரிவினை மற்றோர் ஆபத்தையும் தடுக்கிறது. அமைப்புக் கோப்புகளில் கடவுச்சொற்களை எழுதி வைப்பவர்கள் உண்டு. ஒரு முறை பதிவில் சேர்ந்த கடவுச்சொல்லை மறுநாள் அழித்தாலும் பயனில்லை. அழித்தது புதிய பதிப்பில்தான்; பழைய பதிப்பு அப்படியே இருக்கும், அதைத் திறந்து யாரும் படிக்கலாம். பழையதை மறக்காமல் இருப்பதுதானே கணக்குப்பிள்ளையின் பெருமை! அப்படிச் சேர்ந்துவிட்டால் முதல் வேலையாகக் கடவுச்சொல்லையே மாற்றிவிட வேண்டும்.

பதிவு செய்யும்போது 'எல்லாவற்றையும்' என்று சொல்வதைத் தவிர்த்து, கோப்புகளைப் பெயர் சொல்லிச் சேர்ப்பதும் நல்ல பழக்கம். சேர்க்கும் முன் என்ன மாறியிருக்கிறது என்று ஒரு முறை படித்துப் பார்த்தால் 20-க்குப் பதில் 10 என்பது கண்ணில் பட்டுவிடும்.

நீங்களே செய்து பாருங்கள்

கணிப்பொறி இல்லாமலேயே இதைச் சோதித்துப் பார்க்கலாம். மூன்று நண்பர்கள் சேருங்கள். ஒரு நோட்டைப் பொதுப் பதிவாக வைத்துக்கொள்ளுங்கள். அதில் வட்டத்தின் பரப்பைக் காணும் சூத்திரத்தையும் 'விட்டம் 20' என்பதையும் எழுதுங்கள். ஒவ்வொருவரும் அதை ஒரு தாளில் நகலெடுத்துக்கொள்ளட்டும். ஒருவர் மட்டும் தம் தாளில் விட்டத்தை 10 ஆக்கட்டும். நாலாவது நண்பர் ஒருவர் கணக்குப்பிள்ளையாக இருந்து, தாள்களையும் நோட்டையும் ஒப்பிட்டு வேறுபாடுகளைச் சொல்லட்டும். பிறகு, 'அந்த வரியைப் பார்க்காதே' என்று அவரிடம் சொல்லிவிட்டு ஆட்டத்தைத் தொடருங்கள். நோட்டில் அதே வரியை மற்றொருவர் திருத்தினால் கணக்குப்பிள்ளை என்ன செய்வார்? 10 என்று எழுதிய தாள் தொலைந்து, நோட்டைப் பார்த்துப் புதிய தாள் எழுதினால் என்ன ஆகும்? கடைசியாக, விட்டத்தைத் தனிச் சீட்டில் எழுதி அவரவர் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு மறுபடி ஆடிப் பாருங்கள்.

பூனை கண்ணை மூடிக்கொண்டால் உலகம் இருண்டுவிடாது என்பார்கள். கணக்குப்பிள்ளையின் கண்ணைக் கட்டினாலும் வேறுபாடு மறைந்துவிடாது. அது இருக்கும் இடம்தான் தெரியாமற்போகும். இருக்க வேண்டிய வேறுபாடு என்றால் அதற்கென்று ஓர் இடம் கொடுத்து, பெயரிட்டு, எழுதி வைக்க வேண்டும். அளவியின் 0.03-க்கு நோட்டில் நாம் கொடுக்கும் அந்த ஒரு வரி இடம், நிரலில் ஒரு கோப்புக்கும் கிடைத்துவிட்டால் போதும்.